வகுப்பறைக்கு வந்த கிரயப் பத்திரங்கள்: வெள்ளையர் அடையாளத்தை ஆராய்ந்த ஒரு பேராசிரியரின் பணிக்காலம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில், 1990களின் நடுவிலிருந்து 2023 வரை சமூகவியல் கற்பித்த ஒரு பேராசிரியரைப் பற்றிய பதிவு இது. அவர் வெள்ளையினப் பெண். வெள்ளையர் என்ற அடையாளம் எப்படி உருவானது, அது யாருக்கு என்ன கொடுத்தது என்பதுதான் அவருடைய ஆய்வுத்துறை. இனவெறி பற்றிய பாடத்தையும் அவரே நடத்தினார். ஆசிரியர்களுக்குக் கற்பித்தலில் உதவும் பிரிவில் நான் வேலை பார்ப்பதால், அந்தப் பாடம் பலமுறை மாறியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். யாரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்புலம்

இனவெறி பற்றிய அமெரிக்க ஆய்வுகள் நெடுங்காலம் அதனால் அடிபட்டவர்களைத்தான் ஆராய்ந்தன. கறுப்பினத்தவரின் வறுமை, அவர்கள் குழந்தைகளின் படிப்பு, அவர்கள் வாழும் தெரு என்று எல்லாம் அளக்கப்பட்டன. வெள்ளையினத்தவர் அளவுகோலாக இருந்தார்களே தவிர, அவர்களை யாரும் அளக்கவில்லை. இதை முதலில் கேள்வி கேட்டவர்கள் கறுப்பின அறிஞர்களே. தெற்கு மாநிலங்களில் ஏழை வெள்ளைத் தொழிலாளிக்குக் கூலி குறைவாக இருந்தாலும் மரியாதை, பூங்காவில் இடம், நல்ல பள்ளி, தன்னைப் போன்றவர்களே இருக்கும் காவல்துறை என்று வேறொரு ‘கூலி’ கிடைத்தது என 1935இல் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ் எழுதினார். வரலாற்றாசிரியர்களும் சட்ட அறிஞர்களும் அந்த வழியைப் பிடித்துக்கொண்டு 1990களில் இதைத் தனித்துறையாக வளர்த்தார்கள். நம் பேராசிரியர் முனைவர் பட்டம் முடித்தது அந்தக் காலத்தில்தான்.

அவர் தெற்கு மினசோட்டாவின் விவசாயக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். தாத்தா பாட்டி நார்வேயிலிருந்து வந்தவர்கள். ஊரில் எல்லோரும் வெள்ளையினத்தவர் என்பதால் தன் நிறத்தைப் பற்றி யோசிக்கும் அவசியமே அவருக்கு வந்ததில்லை. ஆய்வுக்காக மினியாபொலிஸ் நகரைச் சுற்றியுள்ள புறநகர்க் குடும்பங்களைச் சந்தித்து, அந்த இடத்தில் ஏன் வீடு வாங்கினீர்கள் என்று கேட்டார். ‘நல்ல ஸ்கூல் இருக்கிறது’, ‘அமைதியான ஏரியா’ என்ற பதில்களே திரும்பத் திரும்ப வந்தன. நிறத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் எந்தத் தெருவோடு தங்கள் ஏரியா முடிகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முதல் பத்தாண்டு: பட்டியலும் வரிசையும்

தொடக்கத்தில் அவர் அன்றைக்கு எல்லோரும் கையாண்ட முறையிலேயே கற்பித்தார். வெல்லெஸ்லி கல்லூரியில் இருந்த பெக்கி மெக்கின்டாஷ், வெள்ளையினப் பெண்ணாகத் தனக்கு உழைக்காமலே கிடைத்த சலுகைகளை 46 வரிகளில் 1988இல் பட்டியலிட்டிருந்தார். நம் பேராசிரியர் அதை வகுப்பில் வாசிக்கச் செய்வார். பிறகு எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ‘பெற்றோர் கல்லூரி படித்திருந்தால் ஓர் அடி முன்னால்’, ‘கடையில் காவலாளி உங்களைப் பின்தொடர்ந்திருந்தால் ஓர் அடி பின்னால்’ என்று சொல்லிக்கொண்டே போவார். முடிவில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டும்.

அவர் எழுதி வைத்திருந்த குறிப்புகளை நான் படித்திருக்கிறேன். வெள்ளையின மாணவர்களில் சிலர் அழுதார்கள். சிலர் வாயே திறக்கவில்லை. சிலர் கோபப்பட்டார்கள். அழுதவர்களுக்கு ஆறுதல் சொல்வதிலேயே வகுப்பு நேரம் முடிந்துவிடும். பருவ இறுதிக் கட்டுரைகளில் ‘என் கண் திறந்தது’ என்று எழுதினார்கள். எது எப்படி நடந்தது என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியவில்லை.

இரண்டு மாணவர்கள் அவரை நிறுத்தி யோசிக்க வைத்தார்கள். ஒருவன் வெள்ளையின விவசாயியின் மகன். 1980களில் அமெரிக்க மத்திய மேற்கில் வட்டி ஏறி நிலத்தின் விலை சரிந்தபோது பல குடும்பங்களின் நிலத்தை வங்கிகள் ஏலம் விட்டன. அவன் அப்பாவின் நிலமும் அதில் போயிற்று. சலுகைப் பட்டியலில் ஒவ்வொரு வரியையும் பேனாவால் அடித்துவிட்டு, அடியில் ஏலத் தேதியை மட்டும் எழுதிக் கொடுத்தான். அவன் சொன்னதும் உண்மைதான், பட்டியல் சொல்வதும் உண்மைதான். இரண்டையும் சேர்த்து விளக்க அந்தப் பயிற்சியில் வழியில்லை.

இன்னொருவர் வடக்கு மினியாபொலிஸிலிருந்து வந்த கறுப்பின மாணவி. வரிசைப் பயிற்சியில் சுவரோடு சுவராகப் பின்னால் நின்றது அவர் ஒருவர்தான். அடுத்த வாரம் அலுவலகத்துக்கு வந்து, ‘அவர்கள் கட்டும் அதே ஃபீஸைத்தான் நானும் கட்டுகிறேன். அவர்கள் பாடம் கற்றுக்கொள்கிறார்கள். நான் பாடமாக நிற்கிறேன்’ என்று சொல்லிவிட்டு அந்த வகுப்பை விட்டு விலகினார்.

முறையை மாற்றிய முடிவு

பேராசிரியர் வரிசைப் பயிற்சியை அதோடு நிறுத்திவிட்டார். வகுப்பில் யாரும் தன் வாழ்க்கையைச் சான்றாகக் காட்ட வேண்டியதில்லை என்பதை விதியாகவே வைத்தார். மாணவர்களிடம் நீ யார் என்று கேட்பதை விட்டுவிட்டு, இந்த நாட்டில் என்ன செய்தார்கள், எந்தக் காகிதத்தில் எழுதிச் செய்தார்கள் என்று கேட்கத் தொடங்கினார். இதைத் துறையில் பலர் விரும்பவில்லை. உணர்ச்சியைத் தொடாமல் இனவெறியைக் கற்பிக்க முடியாது, வெள்ளையின மாணவர்கள் சுலபமாகத் தப்பித்துவிடுவார்கள் என்றார்கள். அவர்கள் அச்சம் பொருளற்றதல்ல. ஆனால் பழைய முறையில்தான் தப்பிப்பது இன்னும் எளிது என்று நான் நினைக்கிறேன். அழுது முடித்தவர்கள் அதோடு கணக்குத் தீர்ந்ததென்று கிளம்பிவிட்டார்கள்.

முதலில் சட்டங்களை எடுத்தார். 1790இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய குடியுரிமைச் சட்டம், வெளிநாட்டில் பிறந்தவர்களில் ‘சுதந்திரமான வெள்ளையர்’ மட்டுமே குடிமகன் ஆகலாம் என்றது. யார் வெள்ளையர் என்று சொல்லவில்லை. அதைத் தீர்மானிக்கும் வேலை நீதிமன்றங்களின் தலையில் விழுந்தது. ஜப்பானில் பிறந்த தகாவோ ஒசாவாவின் வழக்கில், வெள்ளையர் என்றால் அன்றைய மானுடவியல் ‘காக்கேசியர்’ என்று வகுத்த இனம், அவர் அந்த இனமல்ல என்று 1922 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மூன்றே மாதம் கழித்து பஞ்சாபைச் சேர்ந்த பகத் சிங் திண்ட் வந்தார். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அன்றைய மானுடவியல்படி வட இந்தியர்கள் காக்கேசியரே என்று வாதாடினார். அதே நீதிபதி சதர்லேண்ட் எழுதிய தீர்ப்பு, அறிவியல் சொல்வது முக்கியமில்லை, சாதாரண மனிதன் யாரை வெள்ளையர் என்று நினைக்கிறானோ அவரே வெள்ளையர் என்று சொல்லி அவரையும் வெளியே தள்ளியது. அதன் பிறகு, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. இந்தியர்களுக்கு மறுபடி கதவு திறக்க 1946 ஆனது.

இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த அளவுகோல் எங்கே மாறுகிறது என்று கோடிடச் சொல்வார். விவசாயக் குடும்பத்து மாணவர்களும் நகரத்துக் கறுப்பின மாணவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே வரியைப் பற்றிச் சண்டை போட்டதை அப்போதுதான் பார்த்தேன்.

இங்கே ஒரு தமிழ் மாணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார், அந்தப் பாடத்துக்கு உதவியாளர். திண்ட் தரப்பு வைத்த வாதத்தை முழுதாகப் படித்தவர் அவர்தான். உயர்சாதி இந்து என்பதால் தன் ரத்தம் கலப்பில்லாதது, அமெரிக்க வெள்ளையர் கறுப்பினத்தவரோடு மணவுறவு வைக்க எப்படி மறுப்பாரோ அப்படியே இந்திய உயர்சாதியினரும் பழங்குடியினரோடு வைக்க மறுப்பார் என்பது அந்த வாதத்தின் சாரம். சாதியைக் காட்டி வெள்ளையர் தகுதி கேட்டிருக்கிறார்கள். மாணவர் என் அறைக்கு வந்து, “சார், அவர் தோத்ததுக்கு வருத்தப்படறதா, வாதாடின விதத்துக்குக் கோபப்படறதா, தெரியல” என்றார். நான் பேராசிரியரிடம் அனுப்பினேன். அந்த வகுப்பை நீங்களே நடத்துங்கள் என்றார் அவர். தன் சாதி என்னவென்று வகுப்பில் சொல்ல மாட்டேன் என்ற நிபந்தனையோடு மாணவர் சம்மதித்தார். பேராசிரியர் ஒரு நொடிகூட யோசிக்காமல் ஒப்புக்கொண்டார். வகுப்பை விட்டுப் போன அந்த மாணவி சொன்னதை அவர் மறக்கவே இல்லை.

பத்திரங்கள்

2016இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ‘மேப்பிங் பிரெஜுடிஸ்’ என்ற திட்டம் தொடங்கியது. மினியாபொலிஸ் இருக்கும் ஹென்னெபின் மாவட்டத்தின் பழைய சொத்துப் பத்திரங்களைக் கணினியால் துழாவி, இனத் தடை ஷரத்து (இன்ன இனத்தவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை) உள்ளவற்றைப் பொறுக்கி, தன்னார்வலர்களைப் படிக்க வைத்து, வரைபடத்தில் குறிக்கும் வேலை. மினியாபொலிஸ் நகரில் மட்டும் 8,000க்கும் அதிகமான ஷரத்துகள் அகப்பட்டன. பேராசிரியர் தன் மாணவர்களையும் அந்த வாசிப்பில் சேர்த்தார். அவருடைய கற்பித்தலில் மிக நல்ல காலம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம்மூரில் வீட்டுமனை வாங்குகிறவர்கள் மூலப் பத்திரத்தை வரி வரியாகப் பார்ப்பது போலத்தான் மாணவர்கள் பார்த்தார்கள். டைப் அடித்த பழைய பக்கம். விற்பவர் பெயர், வாங்குபவர் பெயர், மனை எண், சாலையிலிருந்து வீடு எத்தனை அடி தள்ளிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை. அதற்கடுத்து, அதே எழுத்தில், அதே தொனியில் ஒரு வரி. இந்த நகரில் இதுவரை அகப்பட்டவற்றில் மிகப் பழையது 1910ஆம் ஆண்டினுடையது: சீன, ஜப்பானிய, மூரிய (வட ஆப்பிரிக்க முஸ்லிம்), துருக்கிய, நீக்ரோ, மங்கோலிய, ஆப்பிரிக்க ரத்தமோ வம்சமோ உடைய எவருக்கும் இந்தச் சொத்தை எக்காலத்திலும் விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. வசவு எதுவும் இல்லை. இனவெறி என்றால் கத்துகிற ஆள் என்று நினைத்து வந்த மாணவர்களை அந்தப் பதிவு அலுவலக நடைதான் உலுக்கியது.

ஒரு ஷரத்து எப்படிப் பணமாக மாறுகிறது என்பதை அடுத்த வாரங்களில் தொடர்ந்து பார்த்தார்கள். 1934இல் ஒன்றிய அரசு வீட்டுக் கடனுக்குக் காப்புறுதி தரத் தொடங்கியது. கடன் கொடுக்கலாமா என்று மதிப்பிடும் அதன் கையேடு, இப்படிப்பட்ட ஷரத்து உள்ள இடங்களைப் பாதுகாப்பானவையாக எண்ணியது. எனவே ஷரத்து இருந்த தெருவில் கடன் எளிதாகக் கிடைத்தது, வீடு எழுந்தது, விலை ஏறியது, பிள்ளைகளுக்குப் போனது. ஷரத்து இல்லாத இடத்திலும் வேறு வழிகள் இருந்தன. 1931இல் தெற்கு மினியாபொலிஸில் கொலம்பஸ் அவென்யூவில் வீடு வாங்கிய ஆர்தர் லீ என்ற கறுப்பின அஞ்சல் ஊழியரின் வீட்டைப் பல இரவுகள் ஆயிரக்கணக்கானோர் சூழ்ந்து நின்றார்கள். இந்த ஷரத்துகளை நீதிமன்றம் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிதாக எழுதக் கூடாது என்று மினசோட்டா 1953இல் சட்டம் போட்டது. நாடு முழுவதும் வீட்டு விற்பனையில் பாகுபாடு சட்டவிரோதமானது 1968இல். ஏறிய விலையை எந்தச் சட்டமும் திருப்பி எடுக்கவில்லை. சொந்த வீடு வைத்திருப்பதில் வெள்ளையினத்தவருக்கும் கறுப்பினத்தவருக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரிதாக இருக்கும் மாநிலங்களில் மினசோட்டா ஒன்று.

ஒரு மாணவி தன் தாத்தா பாட்டியின் தெருவையே வரைபடத்தில் கண்டார். தாத்தா எதிலும் கையெழுத்துப் போடவில்லையே என்றார். போட்டவர் மனை பிரித்து விற்ற கம்பெனிக்காரர், 1920களில். பேராசிரியர் தாத்தாவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், வீடு என்ன விலைக்கு வாங்கப்பட்டது, என்ன விலைக்கு விற்றது, அந்தப் பணம் எங்கே போனது என்று தேடிவரச் சொன்னார். அம்மாவின் கல்லூரிக் கட்டணத்தில் பாதி அங்கிருந்து வந்திருந்தது. மாணவி அதைக் கட்டுரையாக எழுதினார். அழுகையோ மன்னிப்போ அதில் இல்லை. எனக்குத் தெரிந்து அந்தப் பாடத்தில் எழுதப்பட்ட சிறந்த கட்டுரை அது.

2020க்குப் பிறகு

2020 மே 25 அன்று மினியாபொலிஸில் வெள்ளையினக் காவலர் ஒருவர் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டைக் கொன்றார். சில வாரங்களில் பேராசிரியருக்கு நிறுவனங்களிலிருந்து அழைப்புகள் குவிந்தன. ஒரு மணி நேரத்தில் ஊழியர்களுக்கு இனவெறி பற்றிப் பேச வேண்டுமாம். ஏறக்குறைய எல்லாவற்றையும் மறுத்தார். பத்திரத்தை வாசிக்க அவகாசம் இல்லாத இடத்தில் பழைய பட்டியல் முறைதான் மிஞ்சும் என்பது அவர் சொன்ன காரணம். பல்கலைக்கழக மேலிடத்துக்கு அதில் வருத்தம். நான் அவர் பக்கம் நின்றேன், இப்போதும் அதுவே சரியென்று நினைக்கிறேன்.

அதே ஆண்டு செப்டம்பரில், ஒன்றிய அரசு சார்ந்த பயிற்சிகளில் இப்படிப்பட்ட கருத்துகளைத் தடுக்கும் ஆணையை அதிபர் டிரம்ப் பிறப்பித்தார். 2021 ஜனவரியில் பைடன் அதை ரத்து செய்தார். ஆனால் சூடு தணியவில்லை. அந்த ஆண்டு இணையவழி வகுப்பு ஒன்றிலிருந்து ஒரு துண்டு வெளியே போனது. ‘வெள்ளையனாகப் பிறந்ததற்கு நான் வெட்கப்பட வேண்டுமா?’ என்று மாணவர் ஒருவர் கேட்கிறார். பேராசிரியர் சற்று நேரம் பேசாமல் இருக்கிறார். துண்டு அங்கே முடிகிறது. ‘உங்கள் வெட்கம் எனக்கு எதற்கும் உதவாது. அந்த வீட்டின் விலை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள்’ என்று அடுத்து அவர் சொன்ன பதிலை யாரும் கேட்கவில்லை. வசவும் மிரட்டலுமாக மின்னஞ்சல்கள் கொட்டின.

பல்கலைக்கழகம் வேகமாகவே செயல்பட்டது. இணையப் பக்கத்திலிருந்து அவருடைய தொலைபேசி எண்ணை எடுத்தார்கள். வகுப்பறை எண்ணை வெளியே தெரியாமல் வைத்தார்கள். பாடத்தை நிறுத்தவில்லை. 2022 இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இதே பொருளில் அறிவிக்கப்பட்ட ஒரு பாடம், விரிவுரையாளருக்கு வந்த மிரட்டல்களால் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போனதை நினைத்தால், இது சின்ன விஷயமல்ல. அவருடைய மின்னஞ்சலை அவரே திறக்காமல் வேறொருவர் வடிகட்டித் தருவது என்றும் ஏற்பாடானது. அந்த வேறொருவர் துறை அலுவலகத்தில் குறைந்த சம்பளத்தில் இருந்த இளம் கறுப்பினப் பெண். பேராசிரியரைக் காப்பாற்றுவதற்காக அவரை உட்கார வைத்து வாரக்கணக்கில் அந்த அசிங்கத்தை எல்லாம் படிக்க வைத்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அலுவலக மின்னஞ்சலைப் பார்ப்பது ஏற்கெனவே அவர் வேலை, அவ்வளவுதான். பேராசிரியருக்கு அது தெரிய வந்ததும் அன்றே நிறுத்தச் சொல்லி, காவல் பிரிவிடம் ஒப்படைக்க வைத்தார்.

பொறுப்பு கைமாறியது

ஓய்வுக்கு முன் பாடத்தை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. ஒப்பந்தத்தில் இருந்த மாங் இன விரிவுரையாளர் ஒருவர் முன்வந்தார். வியட்நாம் போருக்குப் பின் லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த மாங் மக்கள் செயின்ட் பால் நகரில் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். ஒரு பருவம் இருவரும் சேர்ந்து நடத்தினார்கள். அடுத்த பருவம் அவர் தனியாக.

பாடத்திட்டம், பத்திரங்கள், தேர்வு எல்லாம் அதேதான். ஆனால் மாணவர்கள் எழுதிய மதிப்பீடுகளை என் மேசையில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது இரண்டு வேறு பாடங்களைப் பற்றி எழுதியதாகத் தோன்றியது. வெள்ளையினப் பேராசிரியருக்கு ‘துணிச்சல்’, ‘நேர்மை’. மாங் ஆசிரியருக்கு ‘ஒருதலைப்பட்சம்’, ‘சொந்தக் கோபத்தைக் கொட்டுகிறார்’. நிரந்தரப் பணியில் இருந்தவருக்குப் பாராட்டுப் பத்திரமாக ஆனது, ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியவருக்கு வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது. வெள்ளையர் என்ற அடையாளம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அந்தப் பாடமே சான்றாகிவிட்டது. பேராசிரியர் இதைத் துறைக் கூட்டத்தில் எழுத்து மூலமாகவே வைத்தார். மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஒப்பந்தத்தை முடிவு செய்யக் கூடாது, இரண்டு மூத்த ஆசிரியர்கள் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து எழுதும் அறிக்கையும் சேர வேண்டும் என்று துறை முடிவெடுத்தது. மாங் ஆசிரியருக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தம் கிடைத்தது. பேராசிரியர் 2023இல் ஓய்வு பெற்றார்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. 2025 ஜனவரியில் இரண்டாம் முறை பதவியேற்ற டிரம்ப் அரசு, இனச் சமத்துவம் தொடர்பான திட்டங்களுக்கு எதிராக ஆணைகள் பிறப்பித்ததும் நிர்வாகம் பயந்தது. பாடத்தின் தலைப்பிலிருந்து ‘வெள்ளையர்’ என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். இப்போது அது வீடு, சட்டம், இனம் என்ற தலைப்பில் நடக்கிறது. உள்ளே பாடம் மாறவில்லை. தலைப்பை விட்டுக்கொடுத்தது தவறென்று ஓய்வுபெற்ற பேராசிரியர் நினைக்கிறார். தினமும் வகுப்புக்குள் போகிறவர் அதை முடிவு செய்யட்டும் என்று நான் நினைக்கிறேன்.

இனி மாற்ற வேண்டியவை

வரிசைப் பயிற்சியை இன்னும் பல கல்லூரிகளில் செய்கிறார்கள். அதைச் செய்பவர்கள், பின்வரிசையில் நிற்கப்போவது யார் என்பதை முதலில் யோசிக்க வேண்டும். உள்ளூர் ஆவணம் கையில் இருந்தால் அந்தப் பயிற்சியே தேவைப்படாது. மினசோட்டாவில் ராம்சே மாவட்டப் பத்திரங்களும் இப்போது வாசிக்கப்பட்டிருப்பதால் செயின்ட் பால் மாணவர்கள் தங்கள் தெருவையே பார்க்கலாம்.

மிரட்டல் வந்தால் அதை யார் படிப்பார்கள் என்பதைப் பாடம் தொடங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். எங்கள் பல்கலைக்கழகத்தில் இப்போது அது காவல் பிரிவின் வேலை. அந்த இளம்பெண்ணுக்கு மனநல ஆலோசனைக்கான செலவைத் துறை ஏற்றது. அவர் ஓராண்டுக்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

புதியவர் ஒருவர் இப்படிப்பட்ட பாடத்தை எடுத்துக்கொள்வதாக இருந்தால், ஒப்பந்தத்தை முதலில் நீட்டித்துவிட்டுப் பாடத்தைக் கொடுப்பதே முறை. இங்கே அது தலைகீழாக நடந்தது. ஒரு பருவம் முழுக்க அவர் வேலை போகுமோ என்ற பயத்தோடுதான் கற்பித்தார்.

வகுப்பைப் பதிவு செய்யலாமா என்பது இன்னும் தீரவில்லை. பதிவைத் தடை செய்தால் காது கேளாத மாணவர்களுக்கும் நோயால் வர முடியாதவர்களுக்கும் பாடம் கிடைக்காமல் போகும். தடை செய்யாவிட்டால் துண்டு வெட்டுகிறவர்களுக்கு வசதி. முழு வகுப்பையும் பல்கலைக்கழகமே பதிவு செய்து, கடவுச்சொல் போட்டு வைத்து, துண்டு வெளியானால் அன்றே முழுப் பதிவையும் வெளியிடுவது என்ற யோசனையை மாங் ஆசிரியர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மாணவர்களின் முகமும் குரலும் அதில் இருப்பதால் சட்டப் பிரிவு தயங்குகிறது. அடுத்த பருவம் தொடங்குவதற்குள் பதில் கேட்டிருக்கிறோம்.